அடைக்கோழியோடு திரும்பியவர்

சொரிமுத்து தனியாகப் போன இடம் என்று பனையடிகுளத்தில் ஒன்றுகூடக் கிடையாது. நெல் மில்லில் சாக்குத் தைக்கிற வேலைக்கு அடுத்த தெரு ஆளோடு சேர்ந்துதான் போவார், அந்த ஆளுக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கு இவருக்கும் உடம்பு முடியாமல் போகும். முடி வெட்டப் போனால் துணைக்கு வந்தவரையும் நாற்காலியில் உட்காரவைத்துவிடுவார், இப்படித் தேவையில்லாமல் கிராப்பு வெட்டிக்கொண்டவர்கள் அந்தத் தெருவில் அநேகம். விடியக் கருக்கலில் உடைமரக் காட்டுப் பக்கம் ஒதுங்க வேண்டுமென்றாலும் தம்பி கதிரேசனைத் தட்டி எழுப்பி, அவன் திட்டிக்கொண்டே முன்னால் நடக்க, இவர் ஊர்க்கதை பேசிக்கொண்டே பின்னால் போவார். பயமா என்று கேட்டால் மட்டும் கோபம் வரும். "பயம் என்ன பயம், பேசுறதுக்கு ஒரு ஆள் வேணும்லா" என்பார்.

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். மனைவி வெள்ளைத்தாய் இலையும் தூளும் பரப்பிய சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்ற உட்கார்ந்தால், எதிரே இவர் உட்கார்ந்து இலை வெட்டிக் கொடுத்துக்கொண்டு, மில்லில் யார் என்ன சொன்னார்கள், அதற்கு யார் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும், இவராக இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று மூன்றையும் முழுசாகச் சொல்லி முடிப்பார். பிள்ளை இல்லாத வீடு சத்தமில்லாமல் கிடக்குமே என்று இரக்கப்பட்டு வந்தவர்கள் தலைவலியோடு திரும்பிப் போனார்கள். "ஒரு நா வாயை மூடிக்கிட்டுக் கெடந்தா என்ன" என்று வெள்ளைத்தாய் வாரத்துக்கு இரண்டு தரம் சொல்வாள். அவர் மூடியதில்லை, மூடியிருந்தால் அவளுக்குத்தான் கலக்கமாக இருந்திருக்கும்.

அப்படிப்பட்டவர் மாசி மாதம் ஒரு சனிக்கிழமை காலையில், மில்லில், கையில் கோணூசியோடு, ஒரு பேச்சின் நடுவில் செத்துப்போனார். சனிப்பிணம் தனிப்போகாது என்று ஊரில் சொல்வார்கள். சனிக்கிழமை செத்தவர் துணைக்கு இன்னோர் ஆளையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று பயம், அதனால் ஆளுக்குப் பதிலாகப் பாடையில் ஒரு கோழியை உயிரோடு கட்டி அனுப்புவது வழக்கம். சுடுகாட்டில் அதைச் சிதையைச் சுற்றி மூன்று தரம் கொண்டுவந்து முள்ளுக்காட்டில் விட்டுவிடுவார்கள், அதற்கப்புறம் அது யார் வீட்டுச் சட்டியில் கொதித்தது என்று யாரும் விசாரிப்பதில்லை. மற்றவர்கள் சனிக்கிழமை செத்தால் ஊர் முகத்தைச் சுளிக்கும், சொரிமுத்து செத்ததற்கு யாரும் சுளிக்கவில்லை. "மனுசன் துணை கிடைக்கிற கிழமையாப் பாத்துல்லா போயிருக்காரு" என்று பேசிக்கொண்டார்கள்.

கோழி பிடிக்கிற பொறுப்பு தம்பி கதிரேசன் தலையில் விழுந்தது. அவன் பீடித் தொழிலாளர் சங்கத்துச் செயலாளர், கறுப்புச் சட்டைக்காரன், ஆத்மாவும் கிடையாது ஆவியும் கிடையாது என்று முச்சந்தியில் மைக் வைத்துப் பேசியவன். ஆனாலும் அண்ணன் விஷயத்தில் ஊர் வாய்க்கு அவல் கொடுக்க வேண்டாமென்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புறவாசலுக்குப் போனான். வெள்ளைத்தாய் வளர்த்தது ஆறு கோழிகள். ஐந்து கோழிகள் அவனை வேலியைச் சுற்றி ஓடவிட்டு, மூச்சிரைக்க வைத்து, முருங்கை மரத்தில் ஏறிக்கொண்டன. ஆறாவது ஒரு செவலை, மூலையில் பனையோலைக் கடகப்பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தது, அது ஓடவில்லை. ஓடாத கோழியைத் தூக்குவதற்கு என்ன கஷ்டம். புறங்கையில் இரண்டு கொத்து வாங்கிக்கொண்டு, காலில் வாழைநாரைக் கட்டி அதைப் பாடைக்குக் கொண்டுவந்துவிட்டான். பெட்டிக்குள் உமியின் மேல் பதினொரு முட்டைகள் இருந்ததும், ஆறு நாளாக அது அடைகாத்துக்கொண்டிருந்ததும் ஆண்கள் ஒருவருக்கும் தெரியாது. தலைமாட்டில் ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்த வெள்ளைத்தாய் அந்தக் கோழி தன்னைத் தாண்டிப் போவதைப் பார்த்தாள். ஒப்பாரியில் ஒரு வரி விட்டுப்போனது, பிறகு அடுத்த வரியை எடுத்துக்கொண்டாள்.

பெண்கள் முச்சந்தியோடு நின்றுகொள்ள, ஆண்கள் போய்க் கொள்ளி வைத்து, குளத்தில் முங்கி, ஈரத்துணியோடு வெயில் தாழும் நேரம் வீடு திரும்பினார்கள். சுடுகாட்டிலிருந்து வருகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது முறை. முறைப்படி அவர்கள் திரும்பிப் பார்க்காமலே வந்தார்கள், அதனால் பின்னால் யார் வருகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. வாசல் கழுவிக்கொண்டிருந்த பெண்களுக்குத்தான் தெரிந்தது. ஈரத்துணிக் கூட்டத்துக்குப் பத்தடி பின்னால் செவலைக் கோழி கழுத்தை நீட்டிக்கொண்டு விறுவிறுவென்று வந்தது. அதன் காலில் கட்டிய நாரின் மறுமுனையைப் பிடித்தபடி, போர்த்திய கோடித்துணியும் நெற்றி நிறையத் திருநீறுமாக, வாய்க்கரிசியை ஓரமாகத் துப்பிக்கொண்டு சொரிமுத்து வந்தார்.

"மைனி, அண்ணாச்சி வந்துட்டாவ" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, மில்லிலிருந்து அவர் திரும்பும்போது சொல்கிற அதே குரலில்.

கோழி ஒருவரையும் சட்டை செய்யாமல் நேரே புறவாசலுக்குப் போய், பெட்டியில் ஏறி, முட்டைகளை மூக்கால் புரட்டிச் சரிசெய்து, உட்கார்ந்துவிட்டது. சொரிமுத்து அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"நான் என்ன செய்ய" என்றார். "இதுகூடத்தான் போனேன். கொஞ்ச தூரம் போனதும் இது திரும்பிட்டு. நான் மட்டும் ஒத்தையில எப்பிடிப் போவ?"

வெள்ளைத்தாய் காலையிலிருந்து அழுது தொண்டை கட்டிப்போய் நிலைப்படியில் நின்றாள். இதற்கு என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை, அதனால் எப்போதும் கேட்பதையே கேட்டாள். "தண்ணி குடிக்கியளா?"

"எறங்காது போலுக்கு. நீ இரி இப்பிடி. மில்லுல நான் சொல்லிக்கிட்டிருந்தது பாதியில நின்னுபோச்சு" என்று சொல்லி, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்.

விஷயம் விளங்கியதும் பெண்கள் கதிரேசனைப் பிடித்துக்கொண்டார்கள். அடைக்கோழியை யாராவது பாடையில் கட்டுவார்களா, கண் எங்கே போயிற்று, ஆம்பிளை கையில் கோழியைக் கொடுத்தால் இப்படித்தான் என்று ஆளாளுக்கு வைதார்கள். அவன் கையைக் கட்டிக்கொண்டு, "கோழி திரும்பி வந்தது இயற்கை. அண்ணன் வந்ததுக்கு என்கிட்ட விளக்கம் இல்லை" என்று மட்டும் சொன்னான். பெரிய ஆட்கள் கூடிக் கணக்குப் போட்டார்கள். கோழி அடை உட்கார்ந்து இன்றைக்கு ஆறாம் நாள், இருபத்தோராம் நாள் குஞ்சு பொரிக்கும், அது சரியாகப் பதினாறாம் நாள் கருமாதி அன்றைக்கு வருகிறது. அன்றைக்குக் கோழியும் சும்மா இருக்கும், காரியமும் முடியும், இரண்டு பேரையும் சேர்த்து அனுப்பிவிடலாம். கணக்கு அச்சாக விழுந்ததில் ஆண்களுக்குப் பரம திருப்தி. குஞ்சு பொரித்த கோழி சும்மா இருக்குமா என்பது அங்கே நின்ற எல்லாப் பெண்களுக்கும் தெரியும், வெள்ளைத்தாய்க்கு நன்றாகவே தெரியும், அவள் வாயைத் திறக்கவில்லை.

பதினாறு நாள் என்பது ஓர் ஊர் எதற்கும் பழகிக்கொள்ளப் போதுமான காலம். முதல் இரண்டு நாள் வேலியோரம் கூட்டம் நின்றது, மூன்றாம் நாள் கூட்டத்துக்கு உட்காரப் பலகை வந்தது, நான்காம் நாள் சொரிமுத்து பேசுகிற பேச்சில் சலிப்புத் தட்டிப் பாதிப் பேர் வேலைக்குப் போய்விட்டார்கள். வெள்ளைத்தாய் பூ வைக்கலாமா கூடாதா என்று குழாயடியில் இரண்டு நாள் விவாதம் நடந்து, தாலி இருக்கட்டும், குங்குமம் இருக்கட்டும், பூ மட்டும் வேண்டாம் என்று முடிவாயிற்று. அவள் சுளகை எடுத்துக்கொண்டு கடகப்பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தாள். சொரிமுத்து பழக்கத்தில் இடது கையை இலைக்கு நீட்டுவார், இலை அசையாது, கையை இழுத்துக்கொள்வார். வலது கையில் வாழைநாரைச் சுருட்டிப் பிடித்திருந்தார். அந்த நாட்களில் அவள் சுற்றிய பீடிக்குக் கணக்கில்லை, எதிரே பேச்சு ஓடிக்கொண்டிருந்தால்தான் அவள் விரல் ஓடும்.

காரியம் செய்துவைக்கிற சிவனணைந்தபெருமாள் ஐயா தினமும் குளித்து முழுகி வந்தார். செத்தவருக்கு முதல் நாள் தலை, மறுநாள் கண்ணும் காதும், பிறகு கழுத்து, தோள் என்று பத்து நாளில் புது உடம்பு உண்டாகும், பத்தாம் நாள் பசி வரும் என்பது அவர் படித்த சாஸ்திரம். தினம் ஓர் உறுப்பாக உற்று உற்றுப் பார்த்தார், சொரிமுத்து முதல் நாளே முழுசாக இருந்ததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். பத்தாம் நாள், "பசிக்குதா வே?" என்று ஆசையாகக் கேட்டார். "பசிக்கலை ஐயா. நீங்க இரிங்க, பேசிக்கிட்டிருப்போம்" என்றார் சொரிமுத்து. கோயில்தெரு ஞானப்பூ டீச்சர் மெழுகுவர்த்தியோடு வந்து, செத்தவர்கள் பாவம் கழியக் காத்திருக்கிற உத்தரிக்கிற ஸ்தலம் இதுதான், அதில் நெருப்பு இருக்கும் என்று நினைத்திருந்தேன், கோழிப்பெட்டி இருக்கும் என்று நினைக்கவில்லை என்று சொல்லி, அவருக்காக ஒரு ஜெபம் சொன்னார். கோழிக்கடை மைதீன்பிச்சை பாய் சைக்கிளைச் சாத்திவிட்டு, "அடக்குன பொறவு கபுருக்குள்ள ரெண்டு மலக்கு, வானவருவ, வந்து கேள்வி கேப்பாவன்னு எங்கள்ல உண்டு. ஒம்மகிட்ட யாரும் வந்து கேட்டாவளா?" என்று விசாரித்தார்.

"ஒருத்தரும் வரலை பாய். வந்திருந்தா நல்லால்லா இருந்திருக்கும்."

கதிரேசன் சங்க வேலை முடிந்து மாலையில் வருவான். அண்ணன் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, செத்ததற்கு அப்புறம் ஒன்றும் கிடையாது, எல்லாம் ஏமாற்று என்று ஆதாரத்தோடு எடுத்துச் சொல்வான். "இருக்கும்டே" என்பார் சொரிமுத்து. "நான் இன்னும் அம்புட்டுத் தூரம் போகலையே." இப்படி ஆளுக்கொன்று சொன்னார்களே தவிர ஒருவரோடு ஒருவர் சண்டை போடவில்லை, அவரவர் சொன்னது கொஞ்சம் கொஞ்சம் சரியாக இருந்த மாதிரியும் பட்டது, ஒருவர் சொன்னதும் முழுசாகப் பொருந்தவில்லை. கொஞ்ச தூரம் போய்வந்தாரே, அங்கே என்ன பார்த்தார் என்று எல்லாரும் கேட்டார்கள். வாய் ஓயாத மனிதர் அந்த ஒரு கேள்விக்கு மட்டும், "வெயிலு, கண்ணு கூசிட்டு" என்று பேச்சை மாற்றினார்.

அதற்குள் சேதி சொல்லி அனுப்ப வந்துவிட்டார்கள். எங்கப்பாவைப் பார்த்தால் வரப்பு வழக்கு நம்ம பக்கம் தீர்ந்துவிட்டது என்று சொல்லுங்கள்; எங்க அக்காளிடம் அவள் மகள் நர்ஸாகிவிட்டாள் என்று சொல்லுங்கள்; என் மாமியாரைப் பார்த்தால் தயவுசெய்து ஒன்றும் சொல்ல வேண்டாம், என்னைத் தெரியும் என்றுகூடக் காட்டிக்கொள்ள வேண்டாம். ஒருவர் பத்து வருஷத்துக்கு முன்னால் செத்த கூட்டாளியிடம், அன்றைக்கு நான் சொன்னது தப்பு என்று மட்டும் சொல்லச் சொல்லிவிட்டு வேகமாக எழுந்து போனார். சொரிமுத்து எல்லாவற்றையும் ஒரு தரம் திருப்பிச் சொல்லிப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டார்.

இடையில் இரண்டு சனிக்கிழமை வந்தன. முதல் சனிக்கிழமை தெருவே கதவைச் சாத்திக்கொண்டது, பிள்ளைத்தாய்ச்சிகளை அம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள், கட்டிலில் கிடந்தவர்களைச் சுற்றி ஆள் உட்கார்ந்தார்கள், யாரோ தும்மினதற்கு மூன்று வீட்டில் விளக்கேற்றினார்கள். ஒருவரும் சாகவில்லை. இரண்டாம் சனிக்கிழமை, கருமாதிக்கு முந்தின நாள், குழாயடியில் வெள்ளைத்தாய் குடத்தோடு நிற்பது தெரியாமல் ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள். "நாளைக்குக் குஞ்சு பொரிச்ச பொறவு அந்தக் கோழி எப்பிடிப் போவும்? அது போவலைன்னா யாராவது போவணும்லா. காலமெல்லாம் கூடவே கெடந்தவதான் போவணும். அதுதானே மொறை."

வெள்ளைத்தாய்க்குக் கோபம் வரவில்லை. அந்த யோசனை அவளுக்கு முதல் நாளே வந்துவிட்டது. அவளுக்கு ஐம்பது வயசு, சர்க்கரை இல்லை, கண் நன்றாகத் தெரிந்தது, சாக வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. ஆனால் அந்த மனுசன் ஒற்றையில் நின்று யாராவது வருகிறார்களா என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்ப்பதை நினைத்தால் அவளுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் மிச்சப் பீடி இலையைக் கடையில் திருப்பிக் கொடுத்தாள், பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தாள், ஐந்து கோழிகளையும் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, செவலையைக் குஞ்சுகளோடு நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லிவைத்தாள். அவளுக்குப் பயமாக இல்லை. நல்ல தூக்கம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது முட்டைகளில் கீறல் விழுந்தது. பதினொன்றில் ஒன்பது பொரித்தன. சிவனணைந்தபெருமாள் ஐயா பிண்டம் வைத்து, எள்ளும் தண்ணீரும் இறைத்து, மந்திரம் சொல்லி முடிக்கும்போது உச்சி நேரமாகிவிட்டது. தெரு முழுக்கப் புறவாசலில் நின்றது. கதிரேசன் கோழியைத் தூக்கக் குனிந்தான். அது சிறகை விரித்து அவன் முகத்துக்கு நேரே பாய்ந்ததில் அவன் மல்லாக்க விழுந்தான்.

"குஞ்சுக்காரியை நானே தொட மாட்டேன்" என்றார் மைதீன்பிச்சை பாய். "அது குஞ்சைக் கொத்தி வெரட்டுறதுக்கு ரெண்டு மாசம் ஆவும்."

"ரெண்டு மாசமெல்லாம் முடியாது" என்றார் ஐயா. "இன்னைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள இவரு போயாவணும். இல்லைன்னா வழி அடைபட்டுரும். பொறவு இங்கயும் இல்லாம அங்கயும் இல்லாம நின்னுருவாரு."

ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் வெள்ளைத்தாயைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நான் கூடப் போறேன்" என்றாள்.

"மைனி, அங்க ஒண்ணுமே கெடையாது" என்றான் கதிரேசன், தரையிலிருந்து எழுந்திருக்காமலே. அவன் கண் கலங்கியிருந்தது. "ஒண்ணும் இல்லாத எடத்துக்கு எதுக்குப் போறிய?"

"ஒண்ணும் இல்லாத எடத்துல ஒங்க அண்ணன் ஒத்தையில நிக்கவா?"

நாரை அறுக்க யாரோ அரிவாள்மணை கொண்டுவரப் போனார்கள். "அதெல்லாம் வேண்டாம்" என்று சொரிமுத்து வலது கையை விரித்தார். முடிச்சு எதுவும் இல்லை. நார் அவர் உள்ளங்கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது, குஞ்சு ஒன்று அதைப் புழு என்று நினைத்துக் கொத்தியது.

"கெட்டலையா?" என்றார் ஐயா.

"யாரு கெட்டுனா? நாந்தான் புடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

இரண்டு பேரும் தெருவில் இறங்கி நடந்தார்கள். தெருக்காரர்கள் கொஞ்சம் இடம் விட்டுப் பின்னால் வந்தார்கள். முச்சந்தி வந்ததும் பெண்கள் பழக்கத்தில் நின்றார்கள், வெள்ளைத்தாய் நிற்கவில்லை. சிவனணைந்தபெருமாள் ஐயா ஏதோ சொல்ல வாயெடுத்து, எந்தச் சாஸ்திரத்திலிருந்து சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டார். இன்றைக்குப் பனையடிகுளத்தில் எந்தச் சாவுக்கும் பெண்கள் சுடுகாடு வரை போகிறார்கள், சனிக்கிழமையானாலும் பாடையில் கோழி கட்டுவதில்லை. வெளியூர்க்காரர்கள் கேட்டால், எங்க ஊரில் அப்படித்தான் என்று சொல்கிறார்கள். தொடங்கியது அந்த ஞாயிற்றுக்கிழமை.

குளத்துக்கரை மேல் வெயில் நன்றாக அடித்தது. மற்றவர்கள் கரையடியிலேயே நின்றுவிட்டார்கள். சொரிமுத்து வழக்கத்துக்கு மாறாகப் பேசாமல் வந்தார், அது அவளுக்குத் தாங்கவில்லை.

"ஒண்ணு சொல்லணும்" என்றாள் வெள்ளைத்தாய். "அன்னைக்குக் கதிரேசன் அடைக்கோழியைத் தூக்கிக்கிட்டுப் போனப்ப நான் பாத்தேன். ஒரு சத்தம் குடுத்திருந்தா வேற கோழி புடிச்சிருப்பான். நான் குடுக்கலை."

"ஏன்?"

"அது எப்பிடியும் திரும்பி வந்துரும்லா."

அவர் கரை மேல் நின்று சிரித்தார், ரொம்ப நேரம் சிரித்தார், சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. பதினாறு நாள் நெஞ்சில் கிடந்தது இறங்கினதில் அவளுக்கு நடப்பது சுலபமாக இருந்தது.

"நானும் ஒண்ணு சொல்லுதேன்" என்றார். "அங்க என்ன பாத்தேன்னு எல்லாரும் கேட்டாவள்லா. ஆளுவதான். அம்புட்டு ஆளுவ நிக்காவ. நம்ம ஊரு, பக்கத்து ஊரு, எந்த ஊருன்னே தெரியாத சனம், நெருக்கியடிச்சு நிக்காவ. ஆனா ஒருத்தரும் ஒருத்தர்கூடவும் பேசலை. எல்லாரும் ஒத்தையில வந்தவுக. யாரு மொதல்ல பேசன்னு தெரியாம நிக்காவ. கோழி திரும்புனதும் நானும் திரும்பிட்டேன்."

சுடுகாடு வந்தது. அவரை எரித்த இடம் கறுப்பாகத் தெரிந்தது, அதைத் தாண்டி உடைமரங்கள், அதற்கு அப்பால் வெயில். வெள்ளைத்தாய் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். திருமணமான புதிதில் பஸ்ஸில் ஏறும்போது செய்த மாதிரி அவர் பக்கமாகக் கையை நீட்டினாள்.

"எந்தப் பக்கமாப் போவணும்?"

சொரிமுத்து அந்தக் கையைப் பார்த்தார். பிடிக்கவில்லை.

"நீ வராத" என்றார்.

"ஏன், ஒத்தையிலயா போவிய?"

"ஏளா, யோசிச்சுப் பாரு. நீ கூட வந்தா நான் யார்கூடப் பேசுவேன்? ஒங்கூடத்தான் பேசிக்கிட்டு நிப்பேன். இம்புட்டுச் சேதியை வாங்கி வச்சிருக்கேன், வரப்பு வழக்குக்காரன் அப்பனைத் தேடணும், நர்ஸ் பிள்ளைக்க அம்மையைத் தேடணும். ஒத்தையா நின்னாத்தான் நாலு பேருகிட்டப் பேச்சுக் குடுக்க முடியும். அங்க யாராவது மொதல்ல பேசணும். அது நம்மளால முடியும்னு தோணுது."

அவளுக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை. "நான் எப்ப வர?" என்று கேட்டாள்.

"பைய வா. அவசரம் ஒண்ணும் இல்லை. நீ வரும்போது ஒரே சத்தமாக் கெடக்கும் பாரு, என்னைத் தேட வேண்டாம், பேச்சுச் சத்தம் கேக்குற பக்கமா வந்துரு."

சொல்லிவிட்டுக் கோடித்துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். ஒரு தரமாவது திரும்பிப் பார்ப்பார் என்று அவள் நின்றாள். அவர் பார்க்கவில்லை. முதலில் அவளுக்குக் கோபம் வந்தது, பிறகு பெருமையாக இருந்தது. கறுப்பு மண்ணைத் தாண்டினார், உடைமரங்களைத் தாண்டினார், அதற்கப்புறம் வெயிலில் கண் கூசியது, ஆள் தெரியவில்லை. அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். காற்று இந்தப் பக்கமாக வீசியபோது அந்தக் குரல் தெளிவாகக் கேட்டது.

"அண்ணாச்சிக்கு எந்த ஊரு?"

கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு யாரோ, வெகுநாளாகப் பேசாத தொண்டையைச் செருமிக்கொண்டு, சுரண்டைப் பக்கம் என்று சொன்னார்கள்.